தொட்டிக்குள் இருப்பது மலமா, இறால் கழிவா?

2017 மார்ச் 30. ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டம், மொகல்தூர். இறால் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் தொட்டியைச் சுத்தம் செய்யும் வேலையில் 5 தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி இறந்தார்கள்.

அதே மாவட்டத்தின் துந்துர்ரு மக்கள் ஏற்கனவே இன்னோர் இறால் உணவுப் பூங்காவை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தார்கள். கழிவுநீர் தங்கள் வாய்க்காலைக் கெடுத்துவிடும் என்றார்கள். அவர்களுக்குக் கிடைத்தது 144 தடை உத்தரவு.

உணவு ஆலைக் கழிவு என்றால் ஆபத்தில்லாதது என்று பலரும் நினைக்கிறார்கள். இறாலைக் கழுவி, தலை கிள்ளி, தோல் உரித்த நீரில் புரதம் மிகுதி. காற்றில்லாத தொட்டியில் அது அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. காற்றைவிடக் கனமான இந்த வாயு அடியில் தேங்கும். அளவு கூடினால் மூக்குக்கு நாற்றமும் தெரியாது. மலக்குழிகளில் நம் மக்களைக் கொல்வதும் இதே வாயுதான்.

சட்டம் இல்லையா? இருந்தது. விஷவாயு உள்ள தொட்டிக்குள் யாரையும் இறக்கும் முன் வாயுவை வெளியேற்ற வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 36. தகுதியுள்ளவரின் எழுத்துச் சான்று வேண்டும். இல்லையேல் சுவாசக் கருவியும் இடுப்புப் பட்டையும் வேண்டும், பட்டையின் கயிற்றை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும்.

1974இல் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. வாரியங்கள் ஆலையை விட்டு வெளியேறும் நீரை அளந்தன. தொட்டியின் அடியில் படிந்த சேற்றை அள்ளுகிறவர் யார் என்பது அந்த அளவீட்டில் இல்லை.

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் புதிய சட்டம், அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று, 2013இல் நடைமுறைக்கு வந்தது. சாக்கடை மரணங்களுக்கு 10 லட்சம் இழப்பீடு தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இவை நம் இயக்கங்கள் போராடிப் பெற்றவை. ஆனால் அந்தச் சட்டத்தின் வரையறையில் சாக்கடையும் செப்டிக் டேங்கும் மனித மலத்தோடு சேர்த்தே சொல்லப்படுகின்றன. இறால் கழிவு அழுகும் தொட்டி அந்த வரையறைக்கு வெளியே நிற்கிறது. வாயு ஒன்று, சாவு ஒன்று. கணக்கு மட்டும் வேறு: இது 'ஆலை விபத்து'.

ஆலைப் பதிவேட்டில் 'ஹெல்பர்' என்று எழுதுவார்கள், சாதியை எழுத மாட்டார்கள். அழுகியதைத் தொடும் வேலைக்கு யாரைக் கூப்பிடுவது என்று மேஸ்திரிக்கு மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனவே தோழர்களே, அடுத்த முறை 'ஆலைத் தொட்டியில் தொழிலாளர் பலி' என்று செய்தி வந்தால் மூன்று கேள்விகளோடு போவோம். எழுத்துச் சான்று எங்கே? கயிற்றைப் பிடித்திருந்தவர் யார்? உள்ளே இறக்கப்பட்டவர்கள் எந்தச் சேரியிலிருந்து வந்தவர்கள்?

தொட்டியில் இருந்தது என்ன என்பதை வைத்து நம் சாவுகளைப் பிரித்து எண்ணுவதை நாம் ஏற்க முடியாது.

ஜெய் பீம்!