டிரங்க் காலிலிருந்து பேச்சுக்குழு வரை

‘டிரங்க் கால்’ என்ற சொல்லை மூத்த தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். பரமத்தி வேலூரில் வெற்றிலை மண்டி வைத்திருந்தவர் வெளியூர் வியாபாரியிடம் விலை கேட்க வேண்டுமென்றால், எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே 1960 நவம்பர் 25 அன்று முதல் எஸ்.டி.டி. வசதி வந்தபோது, அந்தக் காத்திருப்பு விடைபெறத் தொடங்கியது. ஆனால் அந்தச் சொல் சாகவில்லை. ‘டிரங்க் வானொலி’ என்ற பெயரில் அது இன்னொரு பிறவி எடுத்தது.

இரண்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு நடுவே எல்லாச் சந்தாதாரர்களுக்கும் பொதுவாக இழுக்கப்பட்ட கம்பிகளே டிரங்க். ஆயிரம் பேருக்கு எத்தனை பொதுக்கம்பி போதும்? கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏ.கே. எர்லாங் என்ற கணிதர் 1909இலும் 1917இலும் வெளியிட்ட கட்டுரைகளில் இதற்கு விடை கண்டார். எல்லோரும் ஒரே கணத்தில் பேசுவதில்லை என்பதுதான் அவருடைய கணக்கின் அடிப்படை.

இந்தக் கணக்கு காவிரிக்கரைக்காரர்களுக்குப் புதிதல்ல. ஜேடர்பாளையம் அணைக்கட்டிலிருந்து பிரியும் ராஜவாய்க்காலில் தண்ணீர் எல்லோருக்கும் பொது. ஆளுக்கொரு வாய்க்கால் வெட்டினால் எந்த வாய்க்காலிலும் போதிய நீர் ஓடாது. முறை வைத்துப் பாய்ச்சினால் கொடிக்காலும் நனையும், வாழையும் நனையும்.

அலைவரிசைக்கும் இதுவே பொருந்தும். ஐந்து துறைகள், ஆளுக்கொரு அலைவரிசை, ஒவ்வொன்றிலும் மணிக்கு அரைமணி நேரப் பேச்சு என்று கொள்வோம். எர்லாங்கின் சூத்திரப்படி மூன்றில் ஓர் அழைப்புக்கு இடம் கிடைக்காது. அதே ஐந்து அலைவரிசைகளைப் பொதுவாக்கினால், இடம் கிடைக்காத அழைப்புகள் நூற்றுக்கு ஏழாகக் குறைந்துவிடும். பேச்சும் கூடவில்லை, அலைவரிசையும் கூடவில்லை. பகிர்வு ஒன்றுதான் புதிது. இந்த எண்ணம் 1970களில் அமெரிக்காவில் வானொலிக்கு வந்தது. பிரிட்டன் 1988இலும் ஐரோப்பா 1990களில் ‘டெட்ரா’ என்ற பெயரிலும் இதற்கான பொதுநெறிகளை வகுத்தன. டெல்லி மெட்ரோவும் சென்னை மெட்ரோவும் தம் ஊழியர்களின் பேச்சுக்கு டெட்ராவையே கைக்கொண்டன.

மடை திறக்க ஓர் ஆள் வேண்டும் அல்லவா? இங்கே அந்த ஆள் ஒரு கணினி. ஒரு கோபுரத்தின் அலைவரிசைகளில் ஒன்றைக் கட்டுப்பாட்டுக்கென்று அது ஒதுக்கி வைக்கிறது. பேச விரும்புபவர் பொத்தானை அழுத்தியதும், ‘இந்தக் குழுவினர் இந்த அலைவரிசைக்குச் செல்க’ என்ற ஆணை பிறக்கிறது. பேச்சு முடிந்ததும் அந்த அலைவரிசை வேறொரு குழுவுக்குப் போய்விடுகிறது. ஆகவே ஓர் அலைவரிசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பழைய ஸ்கேனர்களின் காதில் உரையாடலின் துண்டுகள் மட்டுமே விழுந்தன. ஆணையைப் படித்துக்கொண்டே குழுவைத் துரத்தும் ஸ்கேனர்கள் 1997 வாக்கில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன.

புதிதாக அவற்றை நிரல்படுத்துபவர்கள் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. அலைவரிசைகள் கோபுரத்தளத்துக்கு உரியவை. பேச்சுக்குழுக்களோ முழு அமைப்புக்கும் உரியவை. பேச்சுக்குழு என்பது வெறும் ஓர் எண்தான். நாமக்கல்லில் ஒரு தளம், சேலத்தில் ஒரு தளம் என்று கற்பனை செய்துகொள்வோம். வேலூர் ஆற்றங்கரைக் குழுவின் எண்ணைச் சேலத்தில் இருப்பவர் தன் கருவியில் சரியாகவே பதிந்திருக்கலாம். ஆனால் அந்தக் குழுவைச் சேர்ந்த ஒரு கருவியாவது சேலம் தளத்தில் பதிவாகியிருந்தால் மட்டுமே பேச்சு பொதுவாக அங்கே அனுப்பப்படும். கேட்க ஆளில்லாத இடத்தில் அலைவரிசையைச் செலவழிப்பானேன் என்பது அமைப்பின் சிக்கனம். மௌனத்துக்குக் காரணம் கருவியின் பழுதல்ல.

நம் நாட்டில் இந்தக் கேட்பு பொழுதுபோக்காக வளரவில்லை. சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியபோது, காற்று எல்லோருக்கும் பொது என்று தோன்றியிருக்கும். ஆனால் 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமம் இல்லாமல் கருவி வைத்திருப்பதையே குற்றமாக்கியது. பாட்டுக் கேட்கும் வானொலிப் பெட்டிக்கும் அஞ்சலகத்தில் உரிமம் எடுத்த காலம் 1980களின் நடுப்பகுதி வரை நீடித்தது. காலனி ஆட்சியின் அச்சத்தில் பிறந்த விதி, ஆட்சி போன பிறகும் நெடுங்காலம் தங்கியிருந்தது.

காவல்துறையின் பேச்சை யாரும் கேட்கலாம் என்று நாம் வாதிடவில்லை. பாதிக்கப்பட்டவர்களின் பெயரும் முகவரியும் அந்தப் பேச்சில் உண்டு. நம் கவலை வேறு: வேலிக்கு உள்ளே இருப்பவர்களாவது ஒருவரையொருவர் கேட்கிறார்களா? 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில், ஹெலிகாப்டரில் இருந்த போலீசார் கோபுரத்தின் நிலையைக் கண்டு எச்சரித்தார்கள். உள்ளே இருந்த தீயணைப்பு வீரர்களை அது எட்டவில்லை. இரு துறைகளின் வானொலியும் வெவ்வேறு. அதற்கு நேர்மாறான காட்சியை 2004 டிசம்பர் 26 அன்று போர்ட் பிளேரில் கண்டோம். அமெச்சூர் வானொலிப் பணிக்காக அங்கே சென்றிருந்த பாரதி பிரசாத் குழுவினர், சுனாமி தாக்கியதும் தம் கருவிகளைச் செய்தி அனுப்பத் திருப்பினார்கள். யாரும் கேட்கக்கூடிய திறந்த அலைவரிசை அன்று அந்தமானுக்கு உதவியது.

காவிரியின் இந்தக் கரை நாமக்கல் மாவட்டம், அந்தக் கரை கரூர் மாவட்டம். இரண்டும் 1990களில் பிரிந்த நிர்வாகங்கள். 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்து முக்கொம்பில் கொள்ளிட மதகுகளை அடித்துச் சென்றபோது, ஆறு மாவட்ட எல்லையைக் கேட்டுக்கொண்டு ஓடவில்லை. பொதுப்பணித்துறை, வருவாய்த்துறை, காவல், தீயணைப்பு என நான்கு துறைகள் ஒரே நீரைப் பற்றிப் பேச வேண்டிய நாள் அது. அவர்களை ஒரே குழுவில் சேர்க்க டிரங்க் வானொலிக்குச் சில நொடிகள் போதும். அந்தக் குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்பதை வெள்ளம் வருமுன் உட்கார்ந்து எழுதிவைப்பது மட்டும் எந்தக் கருவியாலும் ஆகாது. அது மனிதர்களின் வேலை.