மொட்டமலை முகாமும் ஒரு பிறப்புச் சான்றிதழும்: ஈழ அகதிகளுக்காக 'ஓஃபர்' செய்யும் வேலை என்ன?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, வன்னியம்பட்டி பக்கம் போய் வருகிறவர்களுக்கு மொட்டமலை தெரிந்திருக்கும். அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு முழுக்க இப்படி 100க்கும் மேற்பட்ட முகாம்கள். அவற்றில் சுமார் 58,000 பேர் வாழ்கிறார்கள். போலீஸில் பதிவு செய்துகொண்டு முகாமுக்கு வெளியே இருப்பவர்கள் இன்னும் 30,000 பேருக்கு மேல்.

இலங்கைப் போர் 2009 மே மாதமே முடிந்துவிட்டது. அப்புறமும் ஏன் இங்கேயே இருக்கிறார்கள்? ஊரில் வீடு இல்லை, காணி கைவிட்டுப் போனது, பிள்ளைகள் இங்கேயே படித்து வளர்ந்துவிட்டார்கள் என்று காரணங்கள் நிறைய. வெளியில் அதிகம் பேசப்படாத காரணம் ஒன்றும் உண்டு: ஆவணம். திரும்பிப் போவதாக இருந்தாலும் சரி, இங்கேயே இருப்பதாக இருந்தாலும் சரி, கையில் காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்துக்காகப் பல ஆண்டுகளாக அலைந்துவரும் அமைப்புதான் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். சுருக்கமாக ஓஃபர்.

யார் இவர்கள்?

1983 ஜூலை இனப்படுகொலைக்குப் பிறகு படகு படகாக மக்கள் ராமேஸ்வரம் கரைக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு, 1984இல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஓஃபர் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் எஸ்.சி. சந்திரஹாசன். 'தந்தை செல்வா' எனப்படும் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் மகன், வழக்கறிஞர். அவரையே இந்தியா ஒருமுறை நாடு கடத்தியது. 1985இல் திம்பு பேச்சுவார்த்தை முறிந்தபோது அன்டன் பாலசிங்கம், சத்தியேந்திரா, சந்திரஹாசன் ஆகிய 3 பேரை வெளியேற்ற உத்தரவு போட்டார்கள். சந்திரஹாசனை அமெரிக்காவுக்கு விமானம் ஏற்றினார்கள். அவரோ அந்த நாட்டுக்குள் நுழைய மறுத்து, இந்தியாவுக்கே திரும்பி வந்துவிட்டார்.

இந்த அமைப்பை நடத்துபவர்களும் அகதிகள்தான். முகாம்களில் இருந்தே தொண்டர்களை எடுத்துப் பயிற்சி கொடுப்பது இவர்கள் வழக்கம். படிப்பு, தாய் சேய் நலம், சத்துக் குறைவுக்கு சுருள்பாசி தயாரிப்பு என்று பல வேலைகள் நடந்தன. 2004 சுனாமியின்போது இதே அகதித் தொண்டர்கள் நாகப்பட்டினம் போய் இந்திய மீனவக் குடும்பங்களுக்கு உதவியதும் உண்டு. இலங்கையிலும் இதன் கிளை அமைப்பு இயங்குகிறது. ஆனால் போருக்குப் பிந்தைய காலத்தில் அதிகம் கைகொடுத்தது, பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியும் அந்த ஆவண வேலைதான்.

ஒரு சான்றிதழில் அப்படி என்ன இருக்கிறது?

முகாமில் ஒரு குழந்தை பிறக்கிறது. அப்பா, அம்மா இருவரும் இலங்கையர். அந்தக் குழந்தை எந்த நாட்டுக் குடிமகன்?

இந்தியச் சட்டப்படி, 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. அந்தத் தேதியிலிருந்து பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பரில் விதி இன்னும் இறுகியது: பெற்றோரில் ஒருவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்றாலே கிடையாது. இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாடு. அகதிக்கென்று தனிச் சட்டமும் இல்லை. படகில் உயிர் தப்பி வந்தவரும் இந்தச் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறிதான்.

சரி, அப்போ இலங்கைக் குடியுரிமை? அதுவும் தானாக வந்துவிடாது. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையை ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அது சென்னையில் உள்ள துணைத் தூதரகம். தாமதமானால் காரணம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும்.

அங்கே கேட்பது குழந்தையின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு. ஷெல்லடியில் வீட்டோடு எரிந்துபோன காகிதத்துக்கு எங்கே போவது? நிறைய பேர் உடுத்திய துணியோடு வந்தவர்கள். பிரசவம் முகாம் குடிசையிலேயே நடந்திருந்தால் இந்தியப் பிறப்புப் பதிவும் இருக்காது. ஓராண்டு கடந்த பிறப்பைப் பதிய நடுவரின் உத்தரவு தேவை. கூலி வேலைக்குப் போகிறவர் நீதிமன்றம், தாலுகா ஆபீஸ், சென்னை என்று எத்தனை நாள் கூலியை விட முடியும்?

இந்த இடத்தில்தான் ஓஃபர் தொண்டர்கள் நுழைந்தார்கள். முகாம்களில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார்கள். இலங்கையில் பழைய பதிவேட்டுப் பிரதிகளைத் தேடினார்கள், துணைத் தூதரகத்தோடு பேசினார்கள். பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் திரும்பி வரும் வேலை இது.

மலையகத் தமிழர் கதை வேறு

முகாம்களில் எல்லோரும் வடக்கு, கிழக்குக்காரர்கள் அல்ல. தேயிலைத் தோட்ட வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களின் வாரிசுகளும் கணிசமாக இருக்கிறார்கள். 1948இல் இலங்கை அவர்களைக் குடியுரிமையில் சேர்க்கவில்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தது. இதில் எந்தப் பக்கமும் சேராமல் நின்றவர்கள், கலவரத்தில் அகதியாகி, பாட்டன் பூட்டன் ஊருக்கே வெளிநாட்டவராக வந்து சேர்ந்தார்கள்.

2003இல் இலங்கை ஒரு சட்டம் போட்டு மலையகத் தமிழருக்குக் குடியுரிமை கொடுத்தது. ஆனால் இலங்கையில் நிரந்தரமாக வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையால் தமிழ்நாட்டு முகாம்வாசிகள் வெளியே நின்றார்கள். அவர்களுக்கும் வழிவிடும் திருத்தம் 2009இல்தான் வந்தது.

தாயகம் திரும்புவதுதான் தீர்வா?

கௌரவமாகத் தாயகம் திரும்ப வேண்டும் என்பதே ஓஃபரின் நீண்டகால நிலைப்பாடு. இதை முகாமில் உள்ள எல்லோரும் ஏற்பதில்லை. இங்கே பிறந்து, இங்கேயே பட்டம் வாங்கிய பிள்ளைக்குத் 'தாயகம்' என்பது அம்மா சொன்ன கதை. அவர்கள் கேட்பது இந்தியக் குடியுரிமை. 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மலையக வம்சாவளியைச் சேர்ந்த 65 பேரின் கோரிக்கையை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மட்டுமே இருந்தன. இலங்கை இல்லை.

இலங்கைப் பதிவு வாங்கினால் இந்தியக் குடியுரிமைக்கான வாதம் பலவீனமாகிவிடுமோ என்ற பயமும் நியாயமானதே. ஆனாலும் எந்த நாட்டுக் காகிதமும் இல்லாமல் இருப்பதைவிட ஏதோ ஒன்று கையில் இருப்பது மேல் என்பதற்கு உதாரணம் உண்டு. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், தன் பிறப்புச் சான்றிதழை வைத்தே வழக்காடினார். அவருக்கு இந்தியப் பாஸ்போர்ட் தரச் சொல்லி 2022இல் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் அவர் ஓட்டும் போட்டார்.

இப்போது நிலைமை என்ன?

2021இல் தமிழ்நாடு அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை மாற்றியது, மாத உதவித்தொகையை உயர்த்தியது, 7,469 வீடுகளைக் கட்டித் தருவதாக அறிவித்தது. வீடு மாநில அரசு கையில் இருக்கிறது. குடியுரிமை அப்படி இல்லை.

2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய முதியவர் ஒருவர் யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். அன்று உரிய அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுப் போனார் என்பது குற்றச்சாட்டு. உயிருக்குப் பயந்து ஓடியவரிடம் இத்தனை ஆண்டு கழித்து இதைக் கேட்பதா என்று கடும் விமர்சனம் எழுந்தது. திரும்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அது என்ன சேதி சொல்லியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய உள்துறை ஓர் ஆணை வெளியிட்டது. 2015 ஜனவரி 9ஆம் தேதி வரை இந்தியாவில் தஞ்சமடைந்து, அரசிடம் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை கிடையாது. ஆனால் இது குடியுரிமை அல்ல. இந்தச் சலுகைக்கும் 'பதிவு செய்தவர்' என்ற நிபந்தனை இருக்கிறது. அதனால் முகாம் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா, எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொடுக்கும் வேலை தொடர்கிறது.