ஆக்சிஜன் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் இருக்கு? மீட்டரைப் பார்த்தே கணக்குப் போடுவது எப்படி?

2021 ஏப்ரல், மே மாதங்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜனுக்காக மக்கள் அலைந்த நேரம் அது. அதுவரை சிலிண்டரைத் தொட்டுக்கூடப் பார்க்காத பலர், நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முள் 150-ல் இருந்தது, இப்போ 50-க்கு இறங்கிவிட்டது. சரி, இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும்?

பதில் பிளஸ் 1 வேதியியல் பாடத்திலேயே இருக்கு. நல்லியல்பு வாயுச் சமன்பாடு. மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிட்டு, நம்மில் பலர் அப்படியே மறந்துபோன ஒன்று.

எடை போட்டால் தெரியாதா?

தெரியும், ஆனால் நடைமுறையில் கஷ்டம். ஆம்புலன்ஸிலும் வீடுகளிலும் பயன்படுத்தும் 'பி டைப்' சிலிண்டரின் உள் கொள்ளளவு சுமார் 10 லிட்டர். முழுதாக நிரப்பினாலும் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் சுமார் 2 கிலோதான். இரும்பு உருளையோ அதைவிடப் பல மடங்கு கனம். நோயாளிக்கு ஓடிக்கொண்டிருக்கும் சிலிண்டரைக் கழற்றித் தராசில் வைக்கவும் முடியாது. அதனால்தான் அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடுகிறோம்.

சமன்பாடு சொல்வது இதுதான்: அழுத்தத்தையும் கொள்ளளவையும் பெருக்கினால் வரும் எண்ணும், மோல் எண்ணிக்கை, வாயு மாறிலி, வெப்பநிலை மூன்றையும் பெருக்கினால் வரும் எண்ணும் சமம். பிரெஞ்சுப் பொறியாளர் எமில் கிளாபேரோன் 1834-ல் இதை ஒரே சமன்பாடாக்கினார். மோல் எண்ணிக்கை கிடைத்துவிட்டால், ஒரு மோலின் நிறையால் பெருக்க வேண்டியதுதான். ஆக்சிஜனுக்கு அது 32 கிராம்.

போட்டுப் பார்ப்போமா?

முழு சிலிண்டரின் அழுத்தம் சுமார் 150 பார், அதாவது 1 கோடியே 50 லட்சம் பாஸ்கல். கொள்ளளவு 0.01 கன மீட்டர். பெருக்கினால் 1,50,000. அறை வெப்பநிலை 27 டிகிரி என்றால் கெல்வினில் 300. அதை வாயு மாறிலி 8.314-ஆல் பெருக்கினால் சுமார் 2,494. முதல் எண்ணை இதனால் வகுத்தால் 60 மோல். 32-ஆல் பெருக்க, 1.92 கிலோ.

இங்கேதான் நிறைய பேர் சறுக்குவார்கள். கெல்வினுக்கு மாற்றாமல் 27 என்றே போட்டால் விடை 21 கிலோவைத் தாண்டும்! செல்சியஸோடு 273-ஐக் கூட்டிய பிறகுதான் கணக்கில் இறங்கணும்.

இன்னொரு விஷயம், 150 பார் அழுத்தத்தில் ஆக்சிஜன் முழுக்க 'நல்லியல்பாக' நடந்துகொள்ளாது. உண்மையான அளவு கணக்கில் வருவதைவிடச் சில சதவீதம் கூடுதலாகவே இருக்கும். நோயாளிக்குப் பாதகமில்லாத பிழை என்பதால் பயப்பட வேண்டாம்.

கிலோ வேண்டாம், நிமிஷம் சொல்லுங்க!

நியாயம்தான். சிலிண்டருக்கு உள்ளேயும் வெளியேயும் வெப்பநிலை கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால், அதுவும் வாயு மாறிலியும் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது ஒரே பெருக்கல். மீட்டர் காட்டும் பார் அளவை சிலிண்டரின் கொள்ளளவால் பெருக்கினால், வெளியே கிடைக்கப்போகும் ஆக்சிஜன் லிட்டரில் வந்துவிடும். முழு சிலிண்டருக்கு 1,500 லிட்டர். (சில மீட்டர்களில் கிலோ/சதுர செ.மீ. என்று இருக்கும். அதையும் பார் என்றே எடுத்துக்கொள்ளலாம், வித்தியாசம் 2 சதவீதம்தான்.)

இப்போ முள் 50-ல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 500 லிட்டர். நிமிஷத்துக்கு 5 லிட்டர் போகிறது என்றால் 100 நிமிஷம். போக வேண்டிய மருத்துவமனை 2 மணி நேரத் தொலைவில் இருந்தால் இந்த சிலிண்டர் போதாது, புறப்படும் முன்பே இன்னொன்று ஏற்றியாகணும். 10 லிட்டர் வேகம் என்றால் 50 நிமிஷத்தில் முடிந்துவிடும். முள் பூஜ்யத்தைத் தொடும்வரை காத்திருக்கவும் கூடாது. கணக்கில் கொஞ்சம் கழித்தே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சப்படுத்துகிறேன் என்று மருத்துவர் சொன்ன அளவை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள்.

வெயிலில் நின்ற சிலிண்டரின் முள் ஏமாற்றும். 27 டிகிரியில் 150 காட்டியது, 45 டிகிரியில் 159 காட்டும். உள்ளே ஒரு கிராம்கூட ஏறியிருக்காது.

கேஸ் சிலிண்டருக்கு இது பொருந்துமா?

பொருந்தாது. சமையல் எரிவாயு உள்ளே திரவமாக இருக்கிறது. கடைசிச் சொட்டுத் திரவம் இருக்கும்வரை, வெப்பநிலை மாறாத நிலையில், அழுத்தமும் ஏறக்குறைய மாறாது. பாதி காலியானாலும் மீட்டர் அதையேதான் காட்டும். அங்கே தராசு ஒன்றே வழி. காலி சிலிண்டரின் எடை அதன் மேல்பகுதியிலேயே எழுதியிருக்கும். மொத்த எடையிலிருந்து அதைக் கழித்தால், புது சிலிண்டரில் 14.2 கிலோ வரணும். டெலிவரிக்கு வருபவரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு.