ட்ராஃப்ட் இல்லாத ஆட்டம்

என்.பி.ஏ. பார்க்கிறவர்களுக்கு ட்ராஃப்ட் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. போன சீசனில் நல்லா அடிவாங்கின அணிகளுக்குத்தான் புது வீரர்களை முதலில் எடுக்கிற வாய்ப்பு அதிகம். 1947 இலிருந்து இது நடக்குது. லொத்தர் முறையும் சம்பள உச்சவரம்பும் பிறகு வந்து சேர்ந்தவை. தோற்றவன் தோற்றுக்கொண்டே இருக்கக்கூடாது என்பதுதான் எண்ணம்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இந்த ஏற்பாடு கிடையாது. பள்ளி முடிக்கிற பெடியன் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விளையாடுவது என்று தானே முடிவெடுப்பான். எங்கே போவான்? பெரும்பாலும் வெல்கிற இடத்துக்கு. அவன் போனபடியால் அந்த இடம் இன்னும் வெல்லும். அதைப் பார்த்து அடுத்த வருசம் இன்னும் இரண்டு பேர் வருவார்கள். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. இந்தச் சக்கரத்தோடு பல தசாப்தமாக மல்லுக்கட்டியிருக்கிறது. பிறகு இதே ஆட்டத்தை இணையத்தில் செய்ய வந்தவர்களும் அதே சக்கரத்தில்தான் வந்து சிக்கினார்கள்.

யூ.சி.எல்.ஏ.யின் கதையிலிருந்து தொடங்குவோம். ஜோன் வூடன் என்ற பயிற்றுநரின் கீழ் அந்த அணி 1964 முதல் 1975 வரையான 12 வருடங்களில் 10 தடவை தேசியக் கிண்ணம் எடுத்தது. அதில் 1967 இலிருந்து 1973 வரை தொடர்ச்சியாக 7. நாட்டின் மறுகரையில், நியூயோர்க்கில் வளர்ந்த லூ அல்சிண்டர் (பிற்காலத்துக் கரீம் அப்துல்-ஜபார்) லொஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்து சேர்ந்தார். அந்தக் காலத்தில் முதலாம் வருட மாணவர்கள் பிரதான அணியில் ஆட முடியாது. சரி, அந்த விதி யூ.சி.எல்.ஏ.யைக் கொஞ்சமாவது தடுத்ததா? 1965 நவம்பரில் அல்சிண்டரின் முதலாம் வருட அணி, நடப்புச் சம்பியனான தன் சொந்தப் பல்கலைக்கழகத்தின் பிரதான அணியையே 75–60 என்று தோற்கடித்தது. 1967 இல் டங்க் அடிப்பதையே தடைசெய்தார்கள். அல்சிண்டரைக் கட்டுப்படுத்தத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் 1968, 1969 இரண்டு கிண்ணமும் அவருக்கே. மூன்று வருடத்தில் 88 வெற்றி, 2 தோல்வி. தடை 1976 வரை நீடித்தது.

மைதானத்துக்குள்ளே விதியை மாற்றினால், அந்த விதிக்குள்ளும் திறமைசாலிதான் வெல்வான். எனக்குப் பிடித்த விதி வேறு: ஒரு அணிக்கு இத்தனை புலமைப்பரிசில்தான் என்று 1970களில் வந்த உச்சவரம்பு. அது பிறகு 13 ஆகக் குறைந்தது. அதன்பின் பெரிய இடங்களால் நல்ல வீரர்களை வாங்கிலே இருத்தி வைக்க முன்னைப்போல ஏலவில்லை. வாங்கில் இருந்திருக்க வேண்டியவன் சின்னப் பல்கலைக்கழகத்தில் தொடக்க ஐவரில் ஒருவனாக வந்தான்.

இனி இணையத்துக்கு வருவோம். வட்இஃப்ஸ்போர்ட்ஸ் என்ற தளத்தின் 'ஹூப்ஸ் டைனஸ்டி' இதில் பெயர்பெற்றது. படம் ஓடாது, பொத்தான் அமத்துகிற வேலை இல்லை. நீங்கள் பயிற்றுநர். ஆள் சேர்ப்பது, பயிற்சி நேரத்தைப் பிரிப்பது, உத்தி போடுவது உங்கள் பொறுப்பு. ஆட்டத்தைக் கணினி ஆடி முடித்து முடிவைத் தரும். எதிரணியிலும் உங்களைப்போல ஒரு ஆள் இருப்பார். ஆளில்லாத அணிகளைக் கணினியே நடத்தும். புதியவர் மூன்றாம் பிரிவில் தொடங்கி, வென்று வென்று முதலாம் பிரிவு வேலைக்கு ஏறவேண்டும். ஒவ்வொரு அணிக்கும் 12 புலமைப்பரிசில். இதுவரை எல்லோருக்கும் சமம்.

ஆனால் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு 'மதிப்பு' எழுத்துத் தரமாக இருக்கிறது. அது உயர்ந்தால் நல்ல வீரர்கள் உங்களிடம் வருவார்கள். முதலாம் பிரிவில் இதற்கு அடியில் இன்னொன்றும் உண்டு: நிஜ உலகப் புகழை வைத்துக் கொடுத்த அடிமதிப்பு. ஒரு பெரிய பெயர்கொண்ட பல்கலைக்கழகத்தை யாராவது மோசமாக நடத்தினாலும் அந்த அடிமதிப்பு அதைத் தூக்கிவிடும். பெயர் தெரியாத இடத்தை நீங்கள் பத்து சீசன் பாடுபட்டு உயர்த்தினால், அதே சங்கதி உங்களைக் கீழே இழுக்கும். நிஜம்போல இருக்கவேண்டும் என்றால் இது சரி. காசு கட்டி விளையாடுகிற இரண்டு பேருக்கு நடுவில் இது நியாயமா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். அந்தப் புகழை இரண்டு பேரில் எவரும் உழைத்துச் சம்பாதிக்கவில்லையே.

மனிதர்கள் நிறைந்த மாநாட்டுக் குழு ஒன்று, கணினி நடத்தும் அணிகள் நிறைந்த குழு ஒன்று என்று பிரிந்துவிட்டால் இடைவெளி இன்னும் கூடும். இவ்வளவையும் விட்டுவிட்டுத் தோற்றவர்கள் பெரும்பாலும் திட்டுவது கணினியின் குருட்டு அதிர்ஷ்டத்தை! 2018 இல் 16ஆம் தரத்து யூ.எம்.பி.சி., முதல் தரத்து வேர்ஜீனியாவை 74–54 என்று வென்றது. அதுவரை அந்த வகை மோதலில் முதல் தரம் 135 தடவையும் வென்றிருந்தது. நிஜத்தில் நடந்தால் அற்புதம், கணினியில் நடந்தால் கோளாறு என்றால் எப்படி?

இந்தச் 'சமநிலை' என்ற சொல்லை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனதும் ஒரு வீடியோ கேம்தான். 1995 இல் யூ.சி.எல்.ஏ.வுக்குக் கிண்ணம் வென்று கொடுத்த எட் ஓபானன், பல வருடம் கழித்து ஈ.ஏ.யின் கூடைப்பந்து கேமில் தன்னைக் கண்டார். அதே உடல்வாகு, அதே இடதுகை, அதே 31ஆம் இலக்கம். பெயர் மட்டும் இல்லை, காசும் இல்லை. 2009 இல் வழக்குப் போட்டார். வீரர்களுக்குக் காசு கொடுத்தால் அணிகளுக்கிடையிலான சமநிலை குலையும் என்பது என்.சி.ஏ.ஏ.யின் வாதங்களில் ஒன்று. 2014 ஓகஸ்ட்டில் நீதிபதி க்ளோடியா வில்கன் அதை ஏற்கவில்லை. வீரர்களுக்குப் போகாத காசு பயிற்றுநர் சம்பளத்துக்கும் ஆடம்பரக் கட்டடங்களுக்கும் போய்க்கொண்டிருந்ததே. பணக்கார இடங்கள் எப்படியும் முந்தித்தான் நின்றன. ஈ.ஏ.யும் உரிம நிறுவனமும் 40 மில்லியன் டொலருக்கு இணங்கிப் போயின. அதற்கு முன்னமே, 2009 இல் வந்த 'என்.சி.ஏ.ஏ. பாஸ்கெற்போல் 10' உடன் ஈ.ஏ.யின் கல்லூரிக் கூடைப்பந்துத் தொடர் நின்றுபோயிருந்தது.

2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 இல் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் கொடுக்க வழி பிறந்தது. முதல் வருடத்துக்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறத்தாழ 20.5 மில்லியன் டொலர் உச்சவரம்பு. அணி மாறுவதும் லேசாகிவிட்டது. அதே வருடம் ஈ.ஏ. தன் கல்லூரிக் கூடைப்பந்து கேம் திரும்பி வரப்போகுது என்று அறிவித்தது. முந்தி வடிவமைப்பாளர் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு எழுத்துத் தரம் போட்டால் போதும். இனி எந்த இடத்துக்கு எவ்வளவு பெரிய பணப்பை என்றும் யாரோ இருந்து எழுதவேண்டும்.