பொங்கலுக்கு லீவு கிடைக்குமா? பிம்ப்ரியில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கான விடுமுறைக் கணக்கு

2026 ஜனவரி 15, பொங்கல். பிம்ப்ரி-சிஞ்ச்வட்டில் அன்று விடுமுறை. ஆனால் காரணம் பொங்கல் இல்லை. மகாராஷ்டிராவில் 29 மாநகராட்சிகளுக்கு அன்று வாக்குப்பதிவு நடந்தது. அடுத்த பொங்கலுக்கு அப்படி ஓர் அதிர்ஷ்டம் இருக்காது. மகாராஷ்டிர அரசின் பொது விடுமுறைப் பட்டியலில் மகர சங்கராந்தியே கிடையாது.

"இந்த வருஷமாவது பொங்கலுக்கு வருவியா?" என்று வீட்டில் கேட்பதற்குள் என்ன செய்ய வேண்டும்? இதோ விவரம்.

அரசு விடுமுறை என்றால் நமக்கும் விடுமுறையா?

இல்லை. பலரும் குழம்புவது இங்கேதான். அரசு வெளியிடும் பட்டியல் அரசு அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் ஆனது. தனியார் நிறுவனங்கள் அதிலுள்ள எல்லா நாட்களையும் விட வேண்டியதில்லை.

ஐடி, சேவை நிறுவனங்களுக்குப் பொருந்துவது மகாராஷ்டிர கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 2017. அதன்படி ஆண்டுக்கு 8 பண்டிகை விடுமுறைகள் சம்பளத்துடன் உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் கட்டாயம். மீதி நான்கை நிறுவனமும் ஊழியர்களும் ஆண்டு தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும்.

அந்த நான்கில் பொங்கல் வர வேண்டும் என்றால் நவம்பர், டிசம்பரிலேயே எச்.ஆரிடம் கேட்க வேண்டும். ஜனவரி 10-ம் தேதி கேட்டால் "லிஸ்ட் போட்டாச்சே" என்றுதான் பதில் வரும். பட்டியலில் சேர்க்க முடியாவிட்டால், விருப்ப விடுமுறை ஒன்றாவது தர முடியுமா என்று கேளுங்கள். தமிழர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே மெயிலில் கேட்டால் இன்னும் நல்லது.

மொத்தம் எத்தனை நாள் லீவு?

* தற்செயல் விடுப்பு (சி.எல்.): ஆண்டுக்கு 8 நாள். காலாண்டு வாரியாகக் கணக்கில் ஏறும். ஆண்டு முடிவில் மிச்சமிருந்தால் காலாவதியாகிவிடும்.
* ஈட்டிய விடுப்பு: ஓராண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால், ஒவ்வொரு 20 நாள் வேலைக்கும் ஒரு நாள் என்று அடுத்த ஆண்டு கிடைக்கும். குறைந்தது 12 நாள். இதை 45 நாள் வரை சேர்த்து வைக்கலாம்.

இந்த இரண்டோடு 8 பண்டிகை நாட்களையும் சேர்த்தால் 28. ஆகவே சி.எல்.லை முதலில் செலவழியுங்கள், ஈட்டிய விடுப்பைச் சேமியுங்கள். 45 நாள் சேர்ந்த பிறகு, 15 நாள் முன்கூட்டி விண்ணப்பித்தும் லீவு மறுக்கப்பட்டால், 45-க்கு மேற்பட்ட நாட்களுக்குப் பணம் கேட்க உரிமை உண்டு.

மேலாளர், மேற்பார்வையாளர் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்கள் பணி ஒப்பந்தத்தைத்தான் பார்க்க வேண்டும்.

தொழிற்சாலையில் வேலை என்றால்?

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில், ஈட்டிய விடுப்புக்கான தகுதி 240 நாளிலிருந்து 180 ஆகக் குறைந்துள்ளது. விகிதம் அதேதான், 20-க்கு ஒன்று. அடுத்த ஆண்டுக்கு 30 நாள் வரை கொண்டு செல்லலாம்.

இன்னொரு விஷயம்: பிம்ப்ரி, போசரி தொழிற்பேட்டைகளில் பல இடங்களில் வார விடுமுறை வியாழக்கிழமை. சனி, ஞாயிறை வைத்துப் போடும் கணக்கு அங்கே எடுபடாது.

2026-ல் மிச்சமிருக்கும் நல்ல வாய்ப்புகள்

சனி, ஞாயிறு விடுமுறை உள்ளவர்களுக்கு, நிறுவனப் பட்டியலில் இந்தப் பண்டிகைகள் இருந்தால்:

* விநாயகர் சதுர்த்தி: செப்டம்பர் 14, திங்கள். லீவே போடாமல் 3 நாள்.
* காந்தி ஜெயந்தி: அக்டோபர் 2, வெள்ளி. இதுவும் 3 நாள். வியாழன் வார விடுமுறைக்காரர்களுக்கு இரண்டு நாள் சேர்ந்து வரும்.
* தசரா: அக்டோபர் 20, செவ்வாய். ஆயுத பூஜை நாளான திங்களன்று ஒரு லீவு போட்டால் 4 நாள்.
* தீபாவளி: நவம்பர் 8, ஞாயிறு. ஊரில் இருப்பவர்களுக்கு இது நஷ்டம், நமக்கு லாபம். மகாராஷ்டிராவில் பலிபிரதிபதா எனும் பாட்வா நவம்பர் 10, செவ்வாய். திங்கள் ஒரு நாள் போட்டால் 4 நாள்.
* பொங்கல் 2027: ஜனவரி 15, வெள்ளி. போகிக்கும் சேர்த்து இரண்டு லீவு போட்டால், காணும் பொங்கலான ஞாயிறு வரை 4 நாள்.

போடும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில நிறுவனங்களில் 'சாண்ட்விச்' விதி உண்டு. இரண்டு லீவுக்கு நடுவில் வரும் சனி, ஞாயிறும் லீவாகவே கழியும்.

டிக்கெட் எப்போது?

லீவு கிடைத்தும் டிக்கெட் கிடைக்காமல் போனால் என்ன பயன்? 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 120 நாளுக்குப் பதில் 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. தீபாவளிக்கு நவம்பர் 6 கிளம்ப வேண்டும் என்றால் செப்டம்பர் 7 காலை 8 மணிக்குத் தயாராக இருங்கள். பொங்கலுக்கு ஜனவரி 13 கிளம்ப, நவம்பர் 14. புனே வழியாகப் போகும் சென்னை, கோவை, நாகர்கோவில் ரயில்கள் பெரும்பாலும் மும்பையில் தொடங்குபவை. அங்குள்ள தமிழர்களும் அதே காலை 8 மணிக்குத்தான் காத்திருப்பார்கள்.

மற்ற நாடுகளில் எப்படி?

ரஷ்யாவில் ஜனவரி 1 முதல் 8 வரை தொடர் விடுமுறை. பண்டிகை வார இறுதியில் வந்தால் அதை வேறு நாளுக்கு மாற்றுகிறார்கள். ஆண்டு விடுப்பு 28 நாள், பண்டிகைகள் தனி. வார இறுதியும் அந்த 28-க்குள் அடங்கும். ஆனால் அதில் ஒரு பகுதியாவது தொடர்ந்து 14 நாளாக இருக்க வேண்டும். யார் எப்போது போவார்கள் என்ற அட்டவணை, ஆண்டு பிறப்பதற்கு 2 வாரம் முன்பே முடிவாகிவிடும்.

நம் ஊரில் அப்படி அட்டவணையை யாரும் போட்டுத் தர மாட்டார்கள். நாமே போட்டு, மேலாளரிடம் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். வீட்டிலிருந்து போன் வரும்போது, "டிக்கெட் போட்டாச்சும்மா" என்று சொல்ல அதுதான் வழி.