நேரடி உள்ளீட்டுப் பெட்டி

நேரடி உள்ளீட்டுப் பெட்டி என்பது பேஸ் கித்தார் போன்ற மின்னிசைக் கருவிகளின் குறிகையை மேடையிலிருந்து ஒலிக்கலப்பு மேசைக்கு அனுப்பப் பயன்படும் சிறு கருவியாகும். இது டி.ஐ. பெட்டி எனப் பரவலாக அழைக்கப்படுகிறது.

தேவை

பேஸ் கித்தாரின் காந்தச் சுருள்கள் தரும் குறிகை உயர் மின்மறுப்பு உடையது. ஒலிக்கலப்பு மேசையிலுள்ள மைக் உள்ளீட்டின் மின்மறுப்போ சில ஆயிரம் ஓம்களே. இரண்டையும் நேராக இணைத்தால் குறிகை வலுவிழக்கும். ஒலியின் தெளிவும் மங்கும். சாதாரண கித்தார் வடம் ஏறத்தாழ 6 மீட்டரைத் தாண்டும்போதும் உயர் அதிர்வெண்கள் குறையத் தொடங்கும். கடலூர், சிதம்பரம் வட்டாரக் கோயில் திருவிழாக்களில் நடைபெறும் மெல்லிசைக் கச்சேரிகள் போன்ற திறந்தவெளி நிகழ்ச்சிகளில், மேடைக்கு எதிரே பார்வையாளர் பகுதியில் மேசை வைக்கப்படின் வடத்தின் நீளம் இதைவிடப் பன்மடங்காகும்.

செயற்பாடு

பெட்டி குறிகையின் மின்மறுப்பைக் குறைப்பதுடன் அதனைச் சமநிலைக் குறிகையாகவும் மாற்றுகிறது. சமநிலை வடத்தின் இரு கம்பிகளுக்கு இடையேயான வேறுபாட்டை மட்டுமே மேசை ஏற்பதால், வழியில் இரு கம்பிகளிலும் ஒன்றுபோலச் சேரும் இரைச்சல் நீங்கிவிடுகிறது.

வகைகள்

* மின்மாற்றி வகை: இதற்கு மின்வழங்கல் தேவையில்லை. சுற்று விகிதம் 12:1 எனில் மின்மறுப்பு 144 மடங்கு குறையும். தன்னுள்ளே மின்கலமும் முன்பெருக்கியும் கொண்ட பேஸ் கித்தார்களுக்கு இது போதுமானது.
* மின்னணு வகை: இது மின்கலத்தாலோ மேசை வழங்கும் 48 வோல்ட் மின்னழுத்தத்தாலோ இயங்கும். உள்ளீட்டு மின்மறுப்பு பொதுவாக 10 இலட்சம் ஓம் அல்லது அதற்கு மேல் இருப்பதால், முன்பெருக்கி இல்லாத கித்தார்களுக்கு இது ஏற்றது.

இரைச்சலும் பாதுகாப்பும்

மேடையிலுள்ள ஒலிபெருக்கி ஜெனரேட்டரிலும் மேசை வேறொரு மின்னிணைப்பிலும் இயங்கும்போது, இரண்டின் எர்த் மின்னழுத்தங்கள் வேறுபடலாம். அப்போது வடத்தின் உலோகக் கவசம் வழியே மின்னோட்டம் பாய்ந்து இரைச்சல் தோன்றும். இந்தியாவில் மின்வழங்கலின் அதிர்வெண் 50 ஏர்ட்சு. பேஸ் கித்தாரின் தடித்த தந்தியில் மூன்றாம் கட்டத்தில் எழும் சுரம் ஏறத்தாழ 49 ஏர்ட்சு. ஆகவே இவ்விரைச்சலைச் சமன்படுத்தி கொண்டு நீக்கினால் இசையும் உடன் குறையும்.

இதற்குத் தீர்வாகப் பல பெட்டிகளில் எர்த் துண்டிப்பு விசை உள்ளது. இது குறிகை வடத்தின் கவச இணைப்பை மட்டுமே துண்டிக்கிறது. மாறாக, இரைச்சலை நிறுத்த ஒலிபெருக்கியின் மின்செருகியிலுள்ள எர்த் முனையைத் துண்டிப்பது உயிருக்கு ஆபத்தானது. ஒலிபெருக்கியில் மின்கசிவு ஏற்படின், கித்தார் தந்தியையும் உலோக மைக்கையும் ஒருசேரத் தொடும் கலைஞரின் உடல்வழியே மின்சாரம் பாயக்கூடும். வடகிழக்குப் பருவமழையால் நனைந்த தரையில் இந்த ஆபத்து மேலும் அதிகரிக்கிறது.

இவற்றையும் பார்க்க

* பேஸ் கித்தார்
* மின்மாற்றி
* மின்மறுப்பு