தூளிக் கயிறு முதல் ஹேமக் பெல்ட் வரை



போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வரலாற்று ஆசிரியர் தன் வீட்டுத் தோட்டத்தில் பொத்தென்று விழுந்தார். பயப்பட வேண்டாம், எலும்பு எதுவும் உடையவில்லை. இடுப்புக்கு இரண்டு நாள் ஒத்தடம், அவ்வளவுதான். விழுந்ததில் ஒரு பாடம் கற்றேன். அறுபது வருடமாக நெஞ்சில் கிடந்த ஒன்றும் மேலே வந்துவிட்டது. அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் நாற்பது நிமிடம் என்னைப் பொறுத்தவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

நடந்தது இதுதான். லீவுக்கு வந்த பேரன் ஒரு ஹேமக் கொண்டு வந்தான். காடு மலை என்று சுற்றப் போகிறவர்கள் இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிப் படுக்கும் துணிப் படுக்கை. அதோடு வந்த பட்டையான பெல்ட்டையும் கொக்கியையும் அவன் வீட்டிலேயே மறந்துவிட்டான். "கயிறுதானே, நம் வீட்டில் இல்லாத கயிறா" என்று நான் கிணற்றடியில் கிடந்த நைலான் கயிற்றை எடுத்து, வேப்பமரத்துக்கும் புங்கமரத்துக்கும் நடுவே துணி காயப்போடும் கொடி மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்டினேன். ஏறிப் படுத்தேன். ஐந்து நிமிடம் சொர்க்கம். ஆறாவது நிமிடம் தரை.

சத்தம் கேட்டு ஓடி வந்தவன் பக்கத்துத் தெருவில் இருக்கும் என் பழைய மாணவன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் கிரேனுக்குப் பாரம் கட்டும் வேலை. வார விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தான். என்னைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, அறுந்த கயிற்றைத்தான் முதலில் பார்த்தான்.

"சார், கயிறு மேல மட்டும் தப்பு இல்ல சார். நீங்க கட்டின கோணம் தப்பு" என்றான்.

பத்தாம் வகுப்பில் என்னிடம் வரலாற்றில் முப்பத்தாறு மதிப்பெண் வாங்கியவன், எனக்குத் தரையில் குச்சியால் படம் போட்டுப் பாடம் நடத்தினான். என் எடை 70 கிலோ. படுக்கை நன்றாகத் தொய்ந்து, கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிவில் இருந்தால், ஒவ்வொரு பக்கக் கயிறும் சுமப்பது 70 கிலோ. சரிவு 10 டிகிரி ஆகிவிட்டால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 200 கிலோ. நான் கட்டியதுபோல் 5 டிகிரிக்கு விறைப்பாகக் கட்டினால் சுமார் 400 கிலோ! ஆள் அதே ஆள்தான். இழுத்துக் கட்டக் கட்டக் கயிற்றின் பாடு கூடிக்கொண்டே போகிறது. தொய்வாக இருந்தால் அசிங்கம் என்று நினைத்தேன். தொய்வுதான் பாதுகாப்பாம்.

அப்புறம் அவன் வேலை பார்க்கும் பெல்ட்டுகளைப் பற்றிச் சொன்னான். கிரேனில் மாட்டும் பாலியஸ்டர் பெல்ட்டுக்கு நிறமே கணக்கு. ஊதா என்றால் ஒரு டன், பச்சை இரண்டு, மஞ்சள் மூன்று, சாம்பல் நான்கு, சிவப்பு ஐந்து. ஒரு டன் என்று எழுதியிருந்தால் ஏழு டன் வரை அறக்கூடாது என்பது விதி. அந்த ஐரோப்பியத் தரவிதியின் எண் 1492. தற்செயல்தான், ஆனால் ஒரு வரலாற்று ஆசிரியருக்கு அந்த எண்ணைக் கேட்டதும் காது விடைக்காதா? ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கடைசியாக அவன் வேப்பமரத்தைக் காட்டினான். நைலான் கயிறு பட்டையைக் கடித்து உள்ளே இறங்கியிருந்தது. மரத்துக்குத் தண்டைப் பருக்கவைக்கும் உயிர்ப்படலமும், இலையில் செய்த உணவைக் கீழே கொண்டு வரும் குழாய்களும் அந்தப் பட்டையை ஒட்டித்தான் இருக்கின்றன. சுற்றிலும் பட்டை அறுந்தால் மரம் பட்டுப்போகும். அதனால்தான் ஹேமக்குக்கு இரண்டு விரல் அகலமாவது உள்ள பெல்ட் கொடுக்கிறார்கள். "கூர்முனையில பெல்ட் பட்டா நடுவுல மெத்துன்னு ஒண்ணு வைக்காம நாங்க எந்தப் பாரத்தையும் தூக்க மாட்டோம் சார்" என்றான்.

அந்த வார்த்தை என்னைக் குத்தியது. ஏனென்றால் இதையே வேறு சொல்லில் என் அம்மா எனக்குச் சொல்லியிருந்தார். அதற்கு வருமுன் ஹேமக்கின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1492 அக்டோபரில் கொலம்பஸ் கரீபியன் தீவுகளில் இறங்கியபோது, அங்கிருந்த தாயினோ மக்கள் பருத்தி நூல் வலைகளைக் கட்டித் தொங்கவிட்டு அதில் தூங்குவதைப் பார்த்தார். அவர்கள் மொழியில் அதன் பெயர் ஹமாக்கா. தரையில் ஈரம், பூச்சி, பாம்பு. அதற்கு மேலே தொங்கிப் படுப்பது அந்த மண்ணுக்கு ஏற்ற புத்தி. அந்த மக்களை நோயாலும் கொடுமையாலும் ஏறக்குறைய அழித்த ஐரோப்பியர்கள், அவர்களின் படுக்கையை மட்டும் கப்பலில் ஏற்றிக்கொண்டார்கள்.

1597-இல் ஆங்கிலேயக் கடற்படை தொங்கு படுக்கைகளுக்கு அனுமதி தந்தது. கப்பல் உருளும்போது மரப்பலகையில் படுத்தவன் உருண்டு விழுவான். ஹேமக்கில் படுத்தவன் கப்பலோடு சேர்ந்து ஆடுவான். பாய்மரக் காலத்தில் ஒரு மாலுமிக்கு ஒதுக்கப்பட்ட அகலம் 14 அங்குலம். காலையில் எழுந்ததும் அதைக் கயிற்றால் இறுகச் சுற்றி, மேல்தளத்தின் விளிம்பில் அடுக்க வேண்டும். சண்டை வந்தால் துப்பாக்கிக் குண்டுக்கு அதுவே தடுப்பு. நடுக்கடலில் செத்துப்போனால் அதே ஹேமக்கில் வைத்துத் தைத்துக் கடலில் இறக்குவார்கள். படுக்கையும் அதுவே, பாடையும் அதுவே.

டச்சுக்காரர்கள் ஹமாக்கா என்ற சொல்லைத் தங்கள் மொழிக்கு வளைத்து 'ஹாங்மாட்' என்றார்கள். பொருள் தொங்கு பாய். அவர்கள் நமக்குத் தூரத்து ஆட்கள் அல்ல. 1613-இல் கெல்டிரியா கோட்டை கட்டிக் குடியிருந்தது நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில்தான். நம் நெசவாளிகள் நெய்த துணியை அங்கிருந்து ஏற்றிப்போன கப்பல்களில் மாலுமிகள் தொங்கு பாயில்தான் தூங்கினார்கள்.

பின்னால் வியட்நாம் போரில் காட்டுவழியே நடந்த வீரர்களின் முதுகுப் பையிலும் அது இருந்தது. கூட்டிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஹேமக் இன்று விடுமுறைக்காரர்களின் சொகுசு. ஆனால் அதன் நானூறு ஆண்டுக் கப்பல், படை வரலாற்றில் அது தலை சாய்க்க இடமில்லாத உழைப்பாளியின் படுக்கை.

நம் தூளியும் அப்படித்தான்.

ஏணை, தூளி, தொட்டில் என்று நமக்கு எத்தனை சொற்கள்! நம் பள்ளிப்பட்டில் தெலுங்கு பேசும் வீடுகளில் உய்யால என்பார்கள். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஒன்றே தாலப் பருவம். ஆனால் இலக்கியத்துத் தொட்டிலில் பொன்னும் மணியும் இருக்கும். நம் வீட்டுத் தூளி, அம்மாவின் பழைய பருத்திச் சேலை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன சேலைதான் பிள்ளைக்கு ஆகும். வீட்டில் உத்தரத்தில் தொங்கும், கழனிக்குப் போனால் மரக்கிளையில் தொங்கும். துணி மூடிக்கொண்டு பிள்ளைக்கு மூச்சு முட்டாமல் இருக்க ஒரு குறுக்குக் கட்டை.

கயிறு? எங்கள் காலத்தில் பெரும்பாலும் கத்தாழை நார். ரயில் பாதை ஓரம் வேலியாக வைத்ததால் ரயில் கத்தாழை என்போமே, அது மெக்சிகோ பக்கத்துச் செடி. ஹேமக் பிறந்த திசையிலிருந்தே நம் தூளிக்குக் கயிறும் வந்திருக்கிறது.

நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண்களுக்கு மரம்தான் குழந்தைகள் காப்பகம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பெண்கள் அதிகம் வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும் என்றது. 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டமும் அதையே சொன்னது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம்மவர்கள் அதைப் பிள்ளைக் காம்பரா என்றார்கள், மலேயாவில் ஆயாக் கொட்டகை. கூலிக்கு நாற்று நட்ட என் அம்மாவுக்கு எந்தச் சட்டமும் இல்லை. அங்கன்வாடித் திட்டம் வந்ததே 1975 அக்டோபர் 2-ஆம் தேதி. நான் சொல்லப்போவது 1964.

திருத்தணி வட்டாரம் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு 1960 ஏப்ரலில் வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. எனக்கு ஒன்பது வயது. தங்கச்சிக்கு எட்டு மாதம். அம்மா நடவுக்குப் போகும் கழனி ஓரத்தில் ஒரு புளியமரம். காலையில் தூளி கட்டுவதும், அழுதால் ஆட்டுவதும் என் வேலை. அம்மா ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தார். "தினமும் கயித்தை இடம் மாத்திக் கட்டு. கிளைக்கும் கயித்துக்கும் நடுவுல என் சும்மாட்டை வையி. ஆட ஆடக் கிளை கயித்தைத் தின்னுடும்."

சும்மாடு என்றால் இந்தக் காலப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தலையில் பாரம் வைக்கும்போது துணியைச் சுருட்டி வைப்பார்களே, அதுதான்.

முதல் சில நாள் வைத்தேன். பிறகு ஏறி அவிழ்த்துக் கட்டச் சோம்பல். கழனிக்கு அந்தப் பக்கம் பசங்கள் கோலி ஆடுவார்கள், அவசரம். ஒரு வாரம் கயிற்றைத் தொடவே இல்லை. சும்மாட்டைச் சுருட்டித் தூளிக்குள்ளேயே போட்டுவிடுவேன். எட்டாம் நாள் மதியம் கயிறு அறுந்தது. பிள்ளை புளிய வேரில் விழுந்தாள். இடது புருவத்துக்கு மேலே பிளந்து ரத்தம். அம்மா சேற்றுக் கையோடு ஓடி வந்து, வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிப் பிழிந்து அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

சாயங்காலம் நைனா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) அம்மாவைத் திட்டினார். "ஒரு கயிறு பாத்துக் கட்டத் தெரியாதா? கூலிதான் பெருசா உனக்கு?" அம்மா என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "பழங்கயிறு, நாந்தான் பாக்கல" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. அந்த நடவு முடியும் வரை அவர் வேலைக்கும் போகவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அன்றும் இல்லை, அம்மா இருந்த வரைக்கும் இல்லை.

முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நின்று "தவறு செய்தால் ஒப்புக்கொள்ளுங்கள்" என்று உங்களுக்குச் சொன்னவன் நான். அறுந்த நைலான் கயிற்றை என் மாணவன் கையில் பார்த்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. எழுபது வயதிலும் அதே தவறு. நடுவில் சும்மாடு வைக்காத தவறு.

தங்கச்சி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். உன் புருவத்து மேல் இருக்கும் தழும்புக்கு அம்மா காரணம் இல்லை. அண்ணன்தான். இதை அம்மா உயிரோடு இருக்கும்போது நைனாவிடம் சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள் அம்மா.

பாடம் முடிக்கும் முன் வழக்கம்போல் குறிப்புகள். ஹேமக் கட்டுகிறவர்கள் அகலமான பாலியஸ்டர் பெல்ட் வாங்குங்கள். நைலான் பாரத்தில் அதிகம் நீளும், நனைந்தால் இன்னும் நெகிழும். முருங்கை போன்ற முறியும் மரம் வேண்டாம். நன்றாகத் தொய்வு விடுங்கள். உட்காரும் இடம் நாற்காலி உயரத்துக்கு மேல் வேண்டாம். படுக்கும் முன் கயிறு, கொக்கி, முடிச்சு மூன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள்.

தூளி கட்டும் தாய்மார்களே, மேலே உரசும் இடத்தைத் தினமும் பாருங்கள். பிள்ளையை எடுத்ததும் சேலையை அவிழ்த்தோ சுருட்டி மேலே கட்டியோ விடுங்கள். வளர்ந்த பிள்ளைகள் அதில் முறுக்கி விளையாடிக் கழுத்து இறுகிய செய்தியை நாளிதழில் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

என் மாணவன் நேற்று கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும்போது ஒரு ஜோடி புது பெல்ட் வாங்கி வந்து கட்டிக் கொடுத்தான். வேப்பமரத்துக் காயத்துக்கு மேலே, ஒரு சாண் தள்ளி. பெல்ட்டுக்கு அடியில் நான் ஒரு பழைய துணியைச் சுருட்டி வைத்தேன். "பெல்ட்டே அகலம்தான் சார், அது தேவையில்லை" என்றான். "இருக்கட்டும்பா" என்றேன்.

உங்கள் வீட்டில் தூளியை என்ன சொல்லி அழைப்பீர்கள், எந்த மரத்தில் கட்டினார்கள் என்று கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்